இரு வீட்டுப் பிள்ளை

சமுதாயத்தில் நேரும் மாற்றங்கள் யாவும் பறையறைந்து கொண்டு வருவதில்லை. சில மாற்றங்கள் ஒரு சிறு பையையும் ஒரு தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலையிலே, படலையைத் தள்ளித் திறந்து ஓசையின்றி உள்ளே வருகின்றன.

ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். நெல்லியடியிலே தாயுடன் வாழும் ஐந்து வயதுப் பிள்ளையொன்று, வல்லை வெளியைக் கடந்து, யாழ்ப்பாண நகரின் ஒரு புறத்தே தந்தை குடியிருக்கும் வாடகை வீட்டுக்கு வருகிறது. பெற்றார் இருவரும் மணவிலக்குப் பெற்றவர்கள். தவணைக் காலத்தில் பிள்ளை தாயிடம். இரண்டு கிழமைக்கு ஒரு முறை வார இறுதியும், ஆகஸ்ட் விடுமுறையிற் பாதியும் தந்தையிடம் என்பது ஏற்பாடு. அன்று காலை முதலே தந்தை வீட்டைக் கூட்டி, இனிப்பு வாங்கி வைத்து, பத்துத் தடவை தெருவை எட்டிப் பார்த்திருக்கிறார். பிள்ளை வந்தது. ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் என்று அவர் காத்து நின்றார். அதுவோ விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றாமல், அவர் முகத்தைப் பார்க்காமல், முற்றத்துக் கோழியைப் பார்த்தபடி நின்றது.

இத்தந்தையும் பிள்ளையும் நம் கற்பனையில் தோன்றியவர்களே. ஆயினும் இவர்களை ஒத்தோரைத் தம் வகுப்பறையிலோ தம் ஒழுங்கையிலோ கண்டவர்கள் வாசகருள் இருப்பர். மணவிலக்கு நன்றா தீதா என்னும் வாதம் இங்கு நமது நோக்கமன்று. அது நேர்ந்துவிட்ட பின்னர், மீண்டும் மீண்டும் போய் வரும் பிள்ளைக்குத் தந்தை என்பவர் யார்? உரிமையாளரா, பணம் கட்டுபவரா, விருந்தாளியா, அன்றி வளர்ப்பவரா? யாழ்ப்பாணத்துச் சமூகம் இன்னும் வாய்விட்டுக் கேளாத இக்கேள்வியையே ஈண்டு ஆராய விழைகின்றோம்.

சீதன வீட்டின் நிழல்

யாழ்ப்பாணத்து ஆண்மகன் வாழ்வில் ஒரு விந்தை உண்டு. ஊரார் அவனைக் குடும்பத் தலைவன் என்கின்றனர். ஆயின் அவன் தலைமை தாங்கும் வீடு பெரும்பாலும் அவனுடையதன்று. மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுப்பதும், மணமகன் அவ்வீட்டுக்குக் குடிபுகுவதும் இங்கு வேரோடிய வழக்கம். ஒல்லாந்தர் ஆட்சியிலே யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் தொகுத்தளித்து, தமிழ் முதலியார்கள் பன்னிருவரின் ஒப்புதலைப் பெற்ற தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை மூவகையாகப் பிரித்தது. 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுவளித்தனர். 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதன் சொத்துரிமைப் பகுதிகளைப் பெரிதும் மாற்றியமைத்தது. சட்டத்தின் சொற்கள் மாறினவேயன்றி, மகளின் வீடு மகளுக்கே என்னும் மனப்பாங்கு மாறவில்லை.

இவ்வழக்கத்தை நாம் பழிக்கவில்லை. கணவன் கைவிட்டாலும் பெண் தெருவில் நிற்கவேண்டியதில்லை என்ற காப்பு இதனால் விளைந்தது. தாயின் வீட்டில், அம்மம்மாவின் மடியில், மாமன்மாரின் அரவணைப்பில் பிள்ளை வளர்வதற்கும் இதுவே ஏதுவாயிற்று. எனினும் இதன் மறுபக்கத்தை நாம் கண்டுகொள்வதில்லை. மணவாழ்வு முறியும்போது வீட்டை விட்டு வெளியேறுபவன் ஆண். அவன் தன் தாய் தந்தையரின் வீட்டுக்குத் திரும்புவான். அவ்வீடோ தங்கைக்கென்று எழுதப்பட்டிருக்கும். அல்லது வாடகைக்கு ஓர் அறையெடுப்பான். பிள்ளைக்கு அவனைத் தெரியும். அவனது வீட்டைத் தெரியாது. பிள்ளையின் நினைவில் ‘அப்பா’ என்பவர் அம்மா வீட்டில் இருந்த ஒருவர். அந்த முற்றமும் அந்தக் கிணற்றடியும் இல்லாத இடத்தில் அவரைக் காண்கையில், தெரிந்த முகமே தெரியாத முகமாகி விடுகிறது.

தேசவழமை மணவிலக்குக்குப் பின் பிள்ளை யாரிடம் என்று வகுத்துரைக்கவில்லை. அதனைப் பொதுச் சட்டத்துக்கே விட்டுவிட்டது. ஆயின் தாய் இறந்த வீட்டைப் பற்றி அது கூறுவது கருதத்தக்கது. தந்தை மறுமணம் செய்ய விரும்பினால், பாட்டன் பாட்டியோ நெருங்கிய உறவினரோ பிள்ளைகளைப் பொறுப்பேற்பர்; தாயின் சீதனத்தையும் தேடியதேட்டத்தின் பாதியையும் தந்தை பிள்ளைகளுக்கு ஒப்படைத்தல் வேண்டும். பிள்ளையின் சொத்துக்குத் தந்தை கணக்குக் காட்டவேண்டும் என்பதிலே நம் முன்னோர் மிகுந்த கருத்தாயிருந்தனர். பிள்ளையின் பொழுதுக்கு அவர் என்ன கணக்குக் காட்டவேண்டும் என்பதை அவர்கள் கேட்டதில்லை.

விருந்தாளித் தந்தையர்

கேளாமைக்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிற் பலர் பல தலைமுறையாகத் தந்தையைத் தூரத்திலிருந்தே அறிந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவுக்குப் போன எழுதுவினைஞர்களும் புகையிரத ஊழியர்களும் காசுக்கட்டளையாலும் கடிதத்தாலும் பிள்ளை வளர்த்தனர். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் அரசாங்க உத்தியோகம் பார்த்தோர், 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியில் விடுமுறைக்கு வந்து போயினர். அத்தந்தையர் வரும் நாள் வீட்டுக்குத் திருநாள். கோழி அறுக்கப்படும், புதுச்சட்டை வரும், பிள்ளைகள் குரல் தாழ்த்திப் பேசுவர். இரண்டாம் நாள் அவர் தேர்ச்சி அறிக்கையைப் பார்த்துக் கடிந்துகொள்வார். மூன்றாம் நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்.

1983 க்குப் பின்னர் தூரம் இன்னும் நீண்டது. இலண்டனும் தொறன்ரோவும் பாரிசும் தந்தையரின் முகவரிகளாயின. 1990 இல் வடக்குக்கான புகையிரதம் நின்றது. 2014 இல்தான் அது மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. அந்த இருபத்துநான்கு ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் தந்தையின் குரலைத் தொலைபேசியில் மட்டுமே கேட்டு வளர்ந்தனர்! போர் எத்தனை தந்தையரை அழித்தது, எத்தனை பேரைச் சுவடின்றி மறைத்தது என்பதை நாம் அறிவோம். காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில், தந்தையின் படத்தைத் தாங்கி நின்ற பிள்ளைகளையும் நாம் கண்டோம்.

ஆகவே, இன்று முப்பத்தைந்து வயதில் தன் பிள்ளைக்காகப் படலையில் காத்து நிற்கும் மனிதனுக்கு, அன்றாடம் பிள்ளை வளர்த்த ஒரு தந்தையின் உருவம் நினைவில் இல்லை. கோழியும் புதுச்சட்டையும் கண்டிப்பும்தான் அவன் கண்ட தந்தைமை. தலை சீவிவிட்ட தந்தையை, காய்ச்சலில் ஈரத்துணி மாற்றிய தந்தையை, புட்டுக் குழைத்து ஊட்டிய தந்தையை அவன் கண்டது அரிது. அவன் அன்பில்லாதவன் அல்லன். அன்பைச் செயலாக்கும் பழக்கத்தைப் பரம்பரை அவனுக்குத் தரவில்லை. இதனை உணராமல் ‘ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் வராது’ என்று கூறுவோர், வழக்கத்தை இயற்கையென்று மயங்குகின்றனர்.

சட்டத்தின் தராசு

சட்டம் என்ன செய்தது? இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோமன் ஒல்லாந்தச் சட்டம், மணவாழ்வு நிலைத்திருக்கும் வரையிலே பிள்ளையை வைத்திருக்கும் முன்னுரிமையைத் தந்தைக்கு அளித்தது. மிக இளம் பிள்ளை தாயிடமே இருத்தல் தகும் என்ற கருத்தும் நீதிமன்றங்களில் ஓங்கியிருந்தது. காலப்போக்கில் நீதியரசர்கள் இவ்விரண்டையும் கடந்து, பிள்ளையின் நலனே தலையாயது என்ற நிலைக்கு வந்தனர். 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சாசனத்தின் ஒன்பதாம் உறுப்புரை, பெற்றாரைப் பிரிந்து வாழும் பிள்ளைக்கு இருவருடனும் ஒழுங்காகத் தொடர்பு பேணும் உரிமை உண்டென்கிறது. நலனுக்கு மாறானால் மட்டுமே விலக்கு. இங்கே கருதத்தக்கது ஒன்று. உரிமை தந்தையுடையதென்றோ தாயுடையதென்றோ அவ்வுறுப்புரை கூறவில்லை. உரிமை பிள்ளையுடையது.

பழைய 1889 ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம் பணச் சுமையை ஆணின் தோளில் ஏற்றியது. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டம் பிள்ளையைப் பேணும் பொறுப்பைப் பெற்றார் இருவர்க்கும் உரியதாக்கியது. பிள்ளையை ஒரு நாட்டிலிருந்து மறுநாட்டுக்கு முறைகேடாகக் கொண்டு செல்வதைத் தடுக்கும் ஹேக் சாசனத்துக்குச் செயல்வடிவம் தந்து 2001 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. புலம்பெயர்ந்தோரின் உறவுகள் கடல்கடந்து பரந்துள்ள நம் சமூகத்துக்கு இதன் முக்கியத்துவத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இவையெல்லாம் நல்லனவே. ஆயின் நடைமுறையில் நம்மவர் வழங்கும் மொழி இன்னும் பழையது. ‘வழக்கில் வென்றது யார்?’ என்கிறோம், ‘பிள்ளையைத் தாய்க்குத் தீர்த்தார்களாம்’ என்கிறோம், காணி தீர்த்ததுபோல. 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணவிலக்குக்கு வகுத்த காரணங்கள் மூன்று: பிறர்மனை சேர்தல், வன்மத்துடன் கைவிடல், மணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறை. எனவே ஒருவரைக் குற்றவாளியாக்கினாலன்றி விடுதலையில்லை. கணவனும் மனைவியும் ஒருவர்மேலொருவர் பழி சுமத்திச் சான்றுகூறி முடித்த மறுநாளே, பிள்ளைக்காக இணங்கிப் பேசவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். நெருப்பில் நடந்தவனைப் பார்த்து ‘ஏன் நொண்டுகிறாய்?’ என்று கேட்பது போன்றது இது.

பிற நாடுகள் சொற்களிலிருந்தே சீர்திருத்தத்தைத் தொடங்கின. இங்கிலாந்து 1989 இல் இயற்றிய சிறுவர் சட்டத்தில், ‘பெற்றோர் உரிமை’ என்னும் கருத்தின் இடத்தில் ‘பெற்றோர் பொறுப்பு’ என்பதை வைத்தது. கனடா 2021 இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், ‘பிள்ளைக் காவல்’ என்ற சொல்லையே தன் மணவிலக்குச் சட்டத்திலிருந்து நீக்கி, ‘பெற்றோர் பொழுது’, ‘தீர்மானப் பொறுப்பு’ என்பவற்றை அமைத்தது. இந்தியச் சட்ட ஆணையம் 2015 இல் அளித்த 257 ஆவது அறிக்கையில், பிரிந்த பெற்றார் இணைந்து பிள்ளை வளர்க்கும் முறைக்குச் சட்டத்தில் இடமளிக்கப் பரிந்துரைத்தது. சொல் மாறினால் மனம் உடனே மாறிவிடாது. ஆயினும் ‘காவல்’ என்ற சொல் பொருளுக்கும் கைதிக்கும் உரியது. ‘பொழுது’ என்ற சொல் பிள்ளைக்கு உரியது.

முதல் மாலையின் மௌனம்

இனி, விறாந்தைத் தூணைப் பிடித்து நிற்கும் பிள்ளையிடம் மீள்வோம். அதன் மௌனத்துக்கு என்ன பொருள்?

தந்தை மூன்று விதமாகப் பொருள் கொள்ளக்கூடும். தன்மேல் பிள்ளைக்கு அன்பில்லை என்று மனமுடையலாம். தாய்வீட்டார் சொல்லிக் கொடுத்து அனுப்பினர் என்று சினக்கலாம். ஊட்டமோ உறக்கமோ போதவில்லை என்று குற்றம் தேடலாம். மூன்றும் பெரும்பாலும் பிழையாகவே முடியும்.

1952 இல் ஜேம்ஸ் ரொபேட்சன் என்ற பிரித்தானிய ஆய்வாளர், எட்டு நாள் மருத்துவமனையில் தனித்திருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்தார். பெற்றாரைப் பார்க்க நோயாளிப் பிள்ளைகளுக்கு இடமளிப்பது அக்காலத்தில் மிக அரிது. அவரும் உளமருத்துவர் ஜோன் பௌல்பியும் கண்ட உண்மை இது: பிரிந்த பிள்ளை முதலில் அழுது எதிர்க்கும், பின்னர் நம்பிக்கையிழந்து சோரும், அதன்பின் அமைதியடைந்ததுபோலத் தோன்றும். அந்த அமைதியைக் கண்டு ‘பழகிவிட்டது’ என்று தாதியர் மகிழ்ந்தனர். உண்மையில் அது விலகல். நெடும்பிரிவின் பின்னர் தாயே வந்தாலும் அத்தகைய பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பின்னர் ஓர் அற்பக் காரணத்துக்குக் கதறியழும். அதன் பின்னரே ஒட்டிக்கொள்ளும். இவ்வாய்வுகளும் 1959 இல் வெளிவந்த பிளாட் அறிக்கையும் ஆங்கில மருத்துவமனைகளின் கதவுகளைப் பெற்றாருக்குத் திறந்துவிட்டன.

பௌல்பி தாயைப் பற்றியே மிகுதியாக எழுதினார். தந்தையிடமும் குழந்தை அதே வகையான பிணைப்பைக் கொள்கிறது என்பதை 1970களில் மைக்கேல் லாம் முதலானோர் ஆராய்ந்து காட்டினர். பத்து நாள் தாயிடமிருந்து வரும் பிள்ளையை எட்டு நாள் மருத்துவமனையில் தனித்திருந்த பிள்ளையோடு ஒப்பிடல் முற்றும் பொருந்தாது. இது அன்புடையோரிடமிருந்து அன்புடையோரிடம் வருகிறது. ஆயினும் ஒவ்வொரு வருகையும் ஒரு பிரிவுமாகும் என்பதை மறத்தலாகாது. தந்தையிடம் வந்த அந்நொடியிலேயே அது தாயைப் பிரிந்திருக்கிறது. தந்தைக்கு அது வரவு; பிள்ளைக்கு வரவும் செலவும் ஒன்றாய் நிகழும் வேளை. மௌனம் அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் பொழுது.

அவ்வேளையில் தந்தை செய்யத்தகாதன சில உண்டு. ‘அப்பாவைத் தேடினாயா?’ என்று கேட்டல் ஆகாது. பிள்ளையின் அன்பைச் சான்றாகக் கேட்பது நீதிமன்றத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதாகும். ‘அங்கே யார் யார் வந்தார்கள்?’ என்று உசாவுதல் ஆகாது. ஐந்து வயதுப் பிள்ளையை ஒற்றனாக்குவது பழிக்கு அஞ்சாச் செயல். பொம்மைகளைக் குவித்தலும் வேண்டா. பரிசிலால் வாங்கும் சிரிப்பு அப்பரிசில் உடையும் வரையே நிற்கும்.

செய்யத்தக்கவை எளியன. பிள்ளைக்கென்று ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு கோப்பை, ஒரு பற்தூரிகை எப்போதும் அதே இடத்தில் இருத்தல் வேண்டும். பையில் கட்டிக்கொண்டு வந்து கட்டிக்கொண்டு போகும் பொருளால் வீடு அமையாது. வந்தவுடன் கால் கழுவுதல், பின் தேநீரோ பாலோ, பின் சிறிது நேரம் யாரும் பேசாமல் இருத்தல் என்று ஓர் ஒழுங்கு ஒவ்வொரு முறையும் மாறாது நிகழ்தல் வேண்டும். தந்தை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கட்டும்; வெங்காயம் உரிக்கட்டும். சிறிது நேரத்தில் பிள்ளை அருகே வந்து ஒரு தோலை எடுத்து ஊதிப் பார்க்கும். அதுவே அதன் முதல் வாக்கியம்.

அப்பம்மாவின் கை

பிள்ளையைத் தன்னிடம் பெற்ற தந்தையர், அதனைத் தம் தாயிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் அலுவல் பார்க்கப் போவதும் உண்டு. அப்பம்மா புட்டு அவிக்கிறார்; குளிப்பாட்டுகிறார்; கதை சொல்கிறார். அந்த அன்பின் பெருமையை நாம் குறைத்துரைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பம் போரையும் இடப்பெயர்வையும் தாங்கி நின்றது பாட்டிமார் கையால்தான். 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு ஒரே இரவில் பெயர்ந்தபோது, பேரப்பிள்ளையை இடுப்பிலும் பொதியைத் தலையிலும் சுமந்து நடந்த மூதாட்டியரை யார் மறப்பர்?

ஆயினும் பிள்ளை தேடி வந்தது அப்பாவை. அம்மம்மா வீட்டிலிருந்து அப்பம்மா வீட்டுக்கு அது மாற்றப்பட்டதேயன்றித் தந்தையிடம் வரவில்லை. இரு பாட்டிமாரிடையே நிகழும் போட்டியில், ‘அங்கே உனக்கு எண்ணெய் வைக்க ஆளில்லையோ?’ என்ற ஒரு சொல், பிள்ளையின் நெஞ்சில் நெடுநாள் தைத்திருக்கும். தாயைக் குறைத்துப் பேசக் கேட்கும் பிள்ளை, தன்னிற் பாதியைக் குறைத்துப் பேசக் கேட்கிறது.

ஆதலின் தந்தை அடுக்களைக்குள் நுழைதல் வேண்டும். இடியப்ப உரலைப் பிழியத் தெரியாவிட்டால் பழகட்டும். சொதியில் உப்புக் கூடினால் கூடட்டும். ஆண் சமைப்பதை இழிவென்று கருதும் சமூகமன்று நமது; கலியாண வீட்டுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் கிடாரத்தில் சமைப்பவர் ஆண்களே. நூறு பேருக்குச் சமைத்தால் பெருமை, ஒரு பிள்ளைக்குச் சமைத்தால் சிறுமை என்பது எந்த நியாயம்?

பாட்டில் வரும் தந்தை

இலக்கியம் பயில்வோர் இவ்விடத்தில் ஓர் உண்மையை நோக்கலாம். புறநானூற்றிலே பொன்முடியார், ஈன்று வளர்த்தலைத் தாய்க்கும், சான்றாண்மை உடையவனாக்குதலைத் தந்தைக்கும் பங்கிட்டார். அப்பங்கீடு நம் மனத்தில் இன்றும் ஆள்கிறது. அதே தொகையில் பாண்டியன் அறிவுடைநம்பி, உண்கலத்தைக் கலைத்து உணவை மேனியெங்கும் பூசிக்கொள்ளும் பிள்ளையைக் கண்டு, அதனைப் பெறாதவர்க்கு வாழ்நாள் பயனற்றதென்று பாடினான். மன்னனின் உள்ளம் உருகியது மெய். அந்த மேனியைத் துடைத்துவிட்ட கை எவருடையது என்பதை அவன் பாடவில்லை.

பெரியாழ்வார் கண்ணனை நீராட்டவும் குழல்வாரவும் விரும்பியபோது யசோதையாகிப் பாடினார். குலசேகரர், பிள்ளையின் மழலைப் பருவத்தைக் காணாது இழந்த துயரைத் தேவகியாகிப் புலம்பினார். வாரந்தோறும் பிள்ளையின் வளர்ச்சியில் ஒரு பகுதியைக் காணாது இழக்கும் இக்காலத்துத் தந்தையின் துயர் அதனினும் வேறன்று. தமிழிற் குழந்தையைக் கொஞ்ச விரும்பிய ஆண், பெண்குரலை இரவல் வாங்கினான். அவ்விரவற் குரல் அழியா இலக்கியத்தைத் தந்தது. எனினும், தந்தை தந்தையாகவே நின்று பிள்ளையைப் பேணும் குரல் நம் மரபிற் குறைவு. பாரதியார் கண்ணம்மாவைக் குழந்தையாக்கிப் பாடியபோது அந்தக் குரலுக்கு ஒரு வாயில் திறந்தது. அவ்வாயிலூடே வாழ்க்கையில் நுழைய வேண்டியவர்கள் நாம்.

பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஆறாவது வருகைப் பருவம். தளர்நடையிடும் குழந்தையை ‘வா’ என்று அழைப்பது அதன் பொருள். புலவர் ஒரு முறை அழைத்து நிறுத்துவதில்லை, பாட்டுத்தோறும் அழைத்துக்கொண்டேயிருப்பார். இரு வீட்டுப் பிள்ளையின் தந்தைக்கு அப்பருவம் ஓராண்டில் முடிந்துவிடுவதில்லை; ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது புதிதாய்த் தொடங்குகிறது.

ஆசிரியரும் அயலாரும்

இவ்வேளையில் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை காலையில் வீட்டு வேலை செய்யாமல், கொப்பியை மறந்து, சோர்ந்து வந்திருக்கும் பிள்ளை சோம்பேறி என்று முடிவு செய்யுமுன், அது முதல் நாள் மாலை எந்தப் படலையைக் கடந்து வந்தது என்பதை எண்ணுக. மறந்த கொப்பி மற்றை வீட்டில் இருக்கக்கூடும். ‘இந்தக் கிழமை எந்த வீடு?’ என்று வகுப்பினர் முன்னே கேட்டலைத் தவிர்க்க. ‘எனது குடும்பம்’ என்று கட்டுரை எழுதச் சொல்லும்போது, ஒரே கூரையின் கீழ் நால்வர் என்ற அச்சில் எல்லாப் பிள்ளைகளையும் வார்க்க முயலற்க. நீதிமன்றத்தின் தடை இல்லாதவிடத்துத் தேர்ச்சி அறிக்கையையும் பெற்றார் சந்திப்பு அழைப்பையும் இருவர்க்கும் அனுப்புதல் நலம்.

தனியார் வகுப்பும் இங்கே ஒரு பொருளாகும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கும்போது சனியும் ஞாயிறும் வகுப்புகளுக்கே போய்விடுகின்றன. பிரிந்து வாழும் தந்தைக்கு எஞ்சிய பொழுது மிதிவண்டியில் ஏற்றி இறக்கும் பொழுதாகச் சுருங்கிவிடுகிறது. பிள்ளையின் கல்வியைக் காரணங்காட்டித் தந்தையின் பொழுதை வெட்டுவதும், தந்தையின் பொழுதைக் காரணங்காட்டிக் கல்வியைக் குலைப்பதும் ஒருங்கே தவறு. இருவரும் அமர்ந்து பேசினால் ஒரு வகுப்பைக் குறைக்கலாம். பரீட்சைப் புள்ளி இன்னொரு தவணையிலும் வரும். ஆறு வயது திரும்பி வராது.

அயலாருக்கும் ஒரு சொல். ‘பாவம், தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை மாதிரி’ என்று இரங்குவோர், இரக்கத்தால் நஞ்சூட்டுகின்றனர். அப்பிள்ளைக்குத் தாயும் உண்டு, தந்தையும் உண்டு. இல்லாதது ஒரே கூரை மட்டுமே.

எல்லை

இவ்வளவும் கூறியபின் ஓர் எல்லையையும் கூறாவிடின் நாம் நேர்மையற்றவர்களாவோம். அடியும் மிரட்டலும் மதுவெறியும் உள்ள தந்தையிடம் பிள்ளை திரும்பி வரவேண்டும் என்று நாம் வாதிக்கவில்லை. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அத்தகைய வீடுகளுக்காகவே இயற்றப்பட்டது. அச்சத்தால் பிறக்கும் மௌனமும் பிரிவால் பிறக்கும் மௌனமும் வேறு வேறு. அவற்றைப் பிரித்தறிய நன்னடத்தை அலுவலரும் ஆசிரியரும் கண் விழித்திருத்தல் வேண்டும்.

தாபரிப்புப் பணத்தைச் செலுத்துவது பிள்ளையைக் காண்பதற்கான நுழைவுச் சீட்டன்று. அது பிள்ளையின் சோறு. பணம் தாமதித்ததற்குத் தண்டனையாகப் பிள்ளையை மறித்தலும், மறித்ததற்குப் பழியாகப் பணத்தை நிறுத்தலும் ஈற்றில் ஒரே வயிற்றையே காய்க்கின்றன. பிள்ளையைக் கைமாற்றும் இடம் காவல் நிலைய வாசலாக அமையுமாயின், தந்தையிடம் போவது குற்றவாளியிடம் போவது என்றே பிள்ளை கற்கும். ஒரு நூலகமோ, ஒரு முன்பள்ளியோ, பிரதேச செயலகத்தின் ஓர் அறையோ மாலையில் இரண்டு மணி நேரம் இதற்கெனத் திறந்திருப்பது அரசாங்கத்துக்குப் பெருஞ்செலவன்று.

எத்தனையோ பிள்ளைகள், வரவே முடியாத தந்தையருக்காகக் காத்திருந்த மண் இது. அவ்வாறிருக்க, பக்கத்து ஊரிலே உயிருடன், நலத்துடன், அன்புடன் இருக்கும் ஒரு தந்தையைப் பிடிவாதத்தாலோ பழக்கமின்மையாலோ பிள்ளை இழக்குமாயின், அவ்விழப்புக்குப் போரின்மேல் பழிபோட இயலாது. அது நாமே செய்துகொண்டதாகும்.

ஞாயிறு மாலை வருகிறது. பிள்ளை பையைத் தூக்குகிறது. இம்முறை அது முற்றத்துக் கோழியிடம் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு, தந்தையிடம் ஒன்றும் சொல்லாமல் நடக்கிறது. தந்தை இதனைக் கேட்டு வருந்த வேண்டா. ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லும் வழக்கை அப்பிள்ளை எங்கோ கற்றிருக்கிறது. அதற்கு ஏற்ப, அடுத்த முறை அது வரும்போதும் பாய் அதே மூலையில், கோப்பை அதே தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே அவர் கடன்.